றம்ஸியா காசு கொடுக்க மறுத்த எட்டுப் புத்தகங்கள்

றம்ஸியா எனக்கு நானூற்று எண்பது ரூபாய் கடன் பட்டிருந்தாள். எட்டுப் புத்தகம், புத்தகத்துக்கு அறுபது ரூபாய் வாடகை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அவள் எனக்குக் கடனே படாதது போலவும், நான்தான் ஒரு விதவையிடம் இல்லாத காசைக் கேட்டு நின்றது போலவும் சொல்கிறார்கள். கடன் பட்டாள். இந்தச் சீனிமுகம்மதுவின் கணக்கு கொப்பியில் இல்லை, தலையில் இருக்கிறது. அந்தத் தலை இன்றுவரை ஒரு ரூபாய் பிசகியதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்முனைச் சந்தையில் மூட்டை இறக்கினேன். பிறகு பழைய பேப்பர் வாங்கி, கோதுமை மாப் பசை காய்ச்சி, பலசரக்குக் கடைகளுக்குப் பை ஒட்டிக் கொடுத்தேன். சீனி, பருப்பு, சின்னச்சீரகம் எல்லாம் நான் ஒட்டிய பையில்தான் இந்தக் கரையோரத்து வீடுகளுக்குப் போயின. இன்று சாய்ந்தமருதில் என் சொந்தக் காணியில், சொந்தச் சுவரில், சொந்தப் பெயர்ப்பலகையோடு ஒரு கடை இருக்கிறது. அதற்கு யாரும் எனக்குக் கைமாற்றுத் தரவில்லை. கடைக்கு வழி திறந்தது ஒரு சீனிப் பை. அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள்தான் றம்ஸியா.

பேப்பரோடு பழைய நாவல்களும் கிலோக் கணக்கில் வரும். பேய்க்கதை, கொலைக்கதை, மந்திரக்கதை என்று எனக்கு வேற்றுமை இல்லை, எல்லாம் தாள். கிழித்து ஒட்டிவிடுவேன். ஒரு நாள் கறுப்பு அபாயா போட்ட ஒரு மனுஷி வாசலில் வந்து நின்றாள்.

"காக்கா, இந்த பேக் ஒட்டின ஆள் நீங்களா?"

"ஓம். என்ன, ஓட்டையா?"

"ஓட்டை இல்ல. இதுல ஒருத்தி கிணத்தை எட்டிப் பாக்கிறாள். கிணத்துக்குள்ள என்ன இரிக்கி?"

"எந்தக் கிணறு புள்ள?"

"அதத்தான் கேக்கிறன். மத்தப் பக்கம் பசைக்குள்ள போயிட்டு. மிச்சத் தாளை எந்தக் கடைக்குக் குடுத்தீங்க?"

பைத்தியமோ என்று பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. அந்தக் கட்டு பாண்டிருப்பில் ஒரு கடைக்குப் போனது என்றேன். அடுத்த நாள் மறுபடி வந்தாள். பாண்டிருப்புக்கு பஸ்ஸில் போய், கடைக்காரரிடம் பைக்கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறாள். அவர் ஏசாமல் இருப்பதற்காக, தேவையில்லாத மிளகும் வெந்தயமும் வாங்கியிருக்கிறாள்.

"கிணத்துக்குள்ள ஒண்டும் இல்ல காக்கா," என்றாள். "தண்ணியும் இல்ல. ஆனா அவள்ட முகம் மட்டும் தெரியிது. என்ன மாதிரி எழுதியிரிக்கான் பாருங்க!"

அவள் போன பிறகு நான் பசைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தேன். ஒரு பக்கத் தாளுக்காக ஒரு மனுஷி பஸ் ஏறுகிறாள். வேண்டாத மிளகு வாங்குகிறாள். அப்படியென்றால் விலை தாளுக்கு இல்லை, மிச்சத்துக்குத்தான். படித்தவன் எவனுக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

அன்றோடு கிழிப்பதை நிறுத்தினேன். நாவல்களை வாடகைக்கு விட்டேன். ஆனால் சும்மா விடவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பதினாறு பக்கத்தை பிளேடால் அறுத்தெடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் வைத்துக்கொண்டேன். புத்தகத்தை இலவசமாக எடுத்துப் போகலாம். வாசித்து முடிவுக்கு வந்தால் கடைக்கு வந்தே ஆகவேண்டும். அறுபது ரூபாயை வை, கடை முன்னாலுள்ள வாங்குப் பலகையில் உட்கார், முடிவை வாசி, போ. ஒரு புத்தகம் தொலைந்ததில்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் எவன் தூங்குவான்?

பெண்களை ரோட்டோரத்து வாங்கில் ஆண்களோடு இருத்த முடியாது. அவர்கள் உள்ளே வீட்டுக்கு வருவார்கள். முடிவை எடுத்துக் கொடுப்பது என் மனைவி அஸீஸா. இதில்தான் எனக்கு நட்டம் தொடங்கியது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒருத்தியிடம் தேத்தண்ணி கொடுக்காமல் முதலில் காசைக் கேட்க அஸீஸாவுக்கு வாய் வரவில்லை. "வந்த ஆக்களிட்ட கையை நீட்டச் சொல்றீங்களா? நான் என்ன பஸ் கொண்டக்டரா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஆகவே ஆண்களுக்குக் காசு முதல். பெண்களுக்கு முடிவு முதல், தேத்தண்ணி நடுவில், காசு கடைசி.

றம்ஸியா அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாப்பிள்ளை இருதய வருத்தத்தில் மௌத்தானார், பிள்ளைகள் இல்லை. வீட்டு வேலைக்கென்று குவைத் போனாள். அங்கே அந்த வீட்டின் களஞ்சிய அறையில் ஜின் இருக்கிறது என்று வீட்டார் யாரும் உள்ளே போவதில்லை. அந்த அறையில்தான் இவளுக்குப் பாய். பக்கத்து வீட்டு மதுரைக்கார டிரைவர் வாசித்து எறிந்த தமிழ் நாவல்களை அதற்குள் வைத்து வாசித்தாளாம்.

"பயமில்லையா கா?" என்று அஸீஸா கேட்டாள்.

"என்ன பயம் மச்சி? ஜின்னுக்கும் எனக்கும் ஒரே அறைதான். அது என்னை ஒண்டும் செய்யல்ல. வீட்டுக்காரிதான் ஒம்பது மாசச் சம்பளம் தராம பிளேன் ஏத்திவிட்டாள்."

அந்தச் சம்பளம் வரவே இல்லை. அவளுடைய எல்லா அபிப்பிராயங்களும் அந்த அறையிலிருந்து வந்தவை என்று நான் நினைக்கிறேன். பேய்க்கதை என்றால் பேய்க்கு என்ன பாக்கி வரவேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும் என்பாள். "சும்மா கதவைக் கிறீச்செண்டு திறக்கிறதும், சீலை பறக்கிறதும் பேய்ட வேலையா? அது காத்துட வேலை. வந்து நிக்கிது எண்டா எதையோ கேட்டுத்தான் நிக்கும். என்ன கேக்கிது எண்டு சொல்லாதவன் பேய்க்கதை எழுதப்படாது."

மந்திரக்கதையிலும் விடமாட்டாள். ஒரு தடிப்பான புத்தகம், பறக்கிற குதிரையில் ஏழு கடல் தாண்டும் இராசகுமாரி. ஊரே வரிசையில் நின்று வாசித்தது. இவள் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"குதிரை பறக்கட்டும். நான் வேணாம் எண்டு சொல்லல்ல. ஏழு கடல் தாண்டி வந்த குதிரைக்கு ஆர் தண்ணி வச்ச? ஒரு வரி இல்ல. கோலை ஆட்டினா எல்லாம் நடக்குமெண்டா முந்நூறு பக்கம் என்னத்துக்கு? முதல் பக்கத்திலயே ஆட்டிட்டுப் போகலாமே!"

அஸீஸா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினாள்.

கொலைக்கதைக்கு அவள் சட்டம் ஒன்றே ஒன்று. கொலைகாரன் அவளுக்கு முன்னால் தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும். அதாவது, கதையின் நடுவில் எங்கேயாவது, எல்லாரோடும் சேர்ந்து, சாதாரண மனுஷனாக ஒரு தடவையாவது வந்து போயிருக்க வேண்டும். "கண்ணுக்கு முன்னால இரிந்தவனை நான் காணல்ல எண்டா அது என்ட பிழை. காசு தருவன். கடைசிப் பக்கத்தில புதுசா ஒருத்தனை இறக்கினா அது எழுதினவன்ட களவு. காசு தரமாட்டன்."

அப்படித்தான் முதல் புத்தகத்துக்குக் காசு மறுத்தாள். கொலைகாரன் சிங்கப்பூரிலிருந்து வந்த இரட்டைச் சகோதரனாம். முடிவை வாசித்தாள், தேத்தண்ணியைக் குடித்தாள், எழுந்தாள்.

"காக்கா, இதுக்கு நான் காசு தரமாட்டன்."

"ஏன், நான் எழுதினேனா?"

"நாறின மீனை வித்திட்டு, நான் புடிக்கல்ல, கடல்தான் தந்த எண்டு சொல்லுவீங்களா?"

"வாடகை தாளுக்குப் புள்ள. முடிவுக்கு இல்ல."

"அப்ப ஏன் முடிவை மட்டும் அறுத்து டின்னுக்குள்ள வச்சிரிக்கீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அப்போது கடையில் ஆட்கள் இருந்தார்கள். நல்ல புத்தகத்துக்கு ஒரு நாளும் கடன் வைத்தவளில்லை; சில்லறை முதற்கொண்டு எண்ணி வைப்பாள். ஏமாற்றிய புத்தகத்துக்கு மட்டும் ஒரு சதக் காசும் தரமாட்டாள். இப்படியே ஒன்று இரண்டாகி எட்டு ஆனது. வரவேண்டாம் என்று நான் சொன்னால் அஸீஸா சோறு போடமாட்டாள். விட்டுவைத்தேன், தலையில் எழுதிவைத்தேன்.

டொலர் இல்லாமல் பெற்றோலும் இல்லாமல் போன அந்த வருடம் வந்தது. ஊர் அழுதது. நான் அழவில்லை. கல்முனைப் பெற்றோல் செட்டிலிருந்து ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் வளைந்து வளைந்து கடற்கரை ரோடு வரை நிற்கின்றன. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, இரண்டு நாள் அசையாத வரிசை. அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு இருக்கிறார்கள். நான் இரண்டு துணிப் பையைத் தோளில் போட்டேன். ஒன்றில் நாவல், மற்றதில் முடிவு. வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடந்தேன். எழுபது வயதுக்குக் கிட்டிய ஒருவன் வெயிலில் நடந்து, ஒரு நாளைக்கு வங்கி மனேஜரின் சம்பளத்தைச் சம்பாதித்தான். எவனாவது மறுக்கட்டும்.

ஐந்தாவது நாள் நளீம் என்ற ஆட்டோக்காரன் காசு தரமாட்டேன் என்றான்.

"முதல்ல முடிவைத் தாங்க காக்கா. வாசிச்சிட்டுத் தாறன்."

"ஆருடா உனக்கு இதைச் சொன்ன?"

அவன் பின்னால் கையைக் காட்டினான். நான்கு ஆட்டோ தள்ளி ஒரு ஸ்கூட்டி. ஸ்கூட்டியில் றம்ஸியா, தலைக்கு மேல் குடை. அபாயா தைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். அவளும் பெற்றோலுக்கு நின்றாள்.

"ராத்தா சொல்றா, இதுல கொலைகாரன் தேத்தண்ணியே குடிக்கல்லயாம்," என்றான் நளீம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எனக்கும் சந்தேகமாத்தான் இரிக்கி. நூத்தம்பது பக்கம் வாசிச்சிட்டன், இதுவரைக்கும் ஒருத்தன்ட முகமும் புடிபடல்ல."

நான் அவளிடம் போனேன். "புள்ள, உனக்கும் எனக்கும் உள்ளதை ரோட்டில ஏன் கொண்டுவாறாய்?"

"நான் ஒண்டும் கொண்டுவரல்ல காக்கா. கேட்டாங்க, சொன்னன். நல்ல புத்தகத்தையும் சொன்னன்தானே? அந்தக் கிணத்துக் கதை பிறகு முழுசா வந்திச்சே, அதுக்கு எல்லாரும் காசு தந்ததா இல்லயா?"

தந்தார்கள். அது உண்மை. ஆனால் அன்றைக்குப் பதினாறு பேர் முடிவை முதலில் கேட்டார்கள், அதில் பதினொரு பேர் வாசித்துவிட்டு, "இது களவு" என்று தாளைத் திருப்பித் தந்தார்கள். அந்தச் சொல்லையும் அவளிடம்தான் பழகியிருந்தார்கள். ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், முடிவுகள் இருந்த என் இரண்டாவது பைக்கு விலையே இல்லாமல் போனது. வரிசை முழுக்க சின்னச் சின்ன றம்ஸியாக்கள்.

பயந்தேன் என்று நினைக்காதீர்கள். கொழும்பிலிருந்து புதிய கட்டு இறக்கினேன். நானே தெரிந்தெடுத்தேன். மட்டையில் மண்டையோடு, இரத்தம், கத்தி, சிவப்புக் கண். ஒன்றும் ஓடவில்லை. நளீம் ஒன்றை எடுத்து ஐந்து பக்கத்தில் திருப்பித் தந்து, "மட்டைக்குத்தான் காக்கா கூலி குடுத்திரிக்காங்க," என்றான்.

அதே கிழமை, வெட்டிய கரண்ட் திடீரென்று திரும்பி வந்தபோது றம்ஸியாவின் தையல் இயந்திரத்து மோட்டார் எரிந்துபோனது. புதியது ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கடைக்காரன் கடன் கொடுக்கமாட்டான், நாளைக்கு என்ன விலை என்று அவனுக்கே தெரியாது. மோட்டார் இல்லாமல் தையல் இல்லை. தையல் இல்லாமல் அவளுக்கு அடுப்பு இல்லை. இதைச் சொன்னது அஸீஸா. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

"அவளைக் கூப்பிட்டு புத்தகம் தெரிஞ்செடுக்கச் சொல்லுங்க. கூலி குடுங்க. உங்களுக்கும் ஓடும், அவளுக்கும் அடுப்பெரியும்."

அது என் மனதிலும் இருந்த யோசனைதான். ஆனால் நான் வியாபாரி. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்: "ஓடுற ஒவ்வொரு வாடகைக்கும் உனக்குப் பத்து ரூபா. ஆனா முதல்ல பழைய நானூத்தி எண்பதைத் தீர்த்துட்டு வா."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பத்து ரூபா சரி. நானூத்தி எண்பது இல்ல. அந்த எட்டும் களவு."

"கூலி வேணாமா?"

"வேணும். எவ்வளவு வேணுமெண்டு மச்சிக்குத் தெரியும். அதுக்காகக் களவை நல்ல சரக்கெண்டு சொல்லமாட்டன்."

எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்து நானே ஆள் அனுப்பினேன். கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தோல்வி இல்லை அது, பொறுமை.

அவள் வேலை செய்த முறையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மட்டையைப் பார்க்கமாட்டாள். முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம், அவ்வளவுதான். "முதல் பக்கத்தில என்னமோ ஒண்டை எங்களிட்ட வாங்கிறான் காக்கா. ஒரு பயம், ஒரு கேள்வி. கடைசியில அதைத் திருப்பித் தந்திரிக்கானா எண்டு பார்த்தா போதும்." தந்தவை வலது பக்கம், தராதவை இடது பக்கம். இடது பக்கத்துக் குவியல் பழையபடி பையாகப் போனது.

கடை வாசலில் நான் ஒரு பலகை வைத்தேன்: "முடிவு ஏமாற்றினால் காசு வேண்டாம்." அது என் யோசனை. றம்ஸியாவின் யோசனை என்று சொல்கிறவர்கள் அந்தப் பலகைக்கு பெயின்ட் வாங்கிக் கொடுத்தார்களா? வரிசை திரும்பவும் என்னிடம் வந்தது. மருதமுனையிலிருந்தும் வந்தார்கள். நளீம் தன் ஆட்டோவின் பின் சீட்டில் பத்துப் புத்தகம் அடுக்கி, வரிசையின் வால் பக்கத்தை எனக்காகப் பார்த்துக்கொண்டான். வாசித்து முடித்தவர்களில் காசு மறுத்தவன் ஒருவனும் இல்லை.

இரண்டு மாதம் முடிந்தது; அதுவரை அவள் சாப்பாட்டை அஸீஸா பார்த்துக்கொண்டாள். தலையில் கூட்டினேன். அவள் பங்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. கூப்பிட்டனுப்பினேன். மோட்டாரைப் பழைய விலையான ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கே அன்று பின்னேரம் வரைக்கும் எடுத்து வைத்திருப்பதாகவும், நாளைக்கு விலை கூடும் என்றும் கடைக்காரன் சொல்லியிருந்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அவள் கையை விரித்தாள். நான் எண்ணினேன். ஒன்பதாயிரத்து நூற்று இருபதில் நிறுத்தினேன்.

"நானூத்தி எண்பது கழிச்சிட்டன். கணக்குச் சரி."

அவள் கையை மூடவில்லை. நோட்டுகள் விரித்த உள்ளங்கையில் அப்படியே இருந்தன.

"கழிங்க காக்கா," என்றாள். குரல் உயரவில்லை. "நான் தடுக்கல்ல. ஆனா கழிக்க முதல் உங்கட வாயால சொல்லுங்க. அந்த எட்டும் நல்ல சரக்கு எண்டு சொல்லிட்டுக் கழிங்க. நீங்க பொய் சொல்லி யாவாரம் செய்யாத ஆள் எண்டு ஊருக்கே தெரியும்."

அது ஊருக்குத் தெரியும்தான். நாற்பது வருடத்தில் நான் ஒட்டிய பையில் ஒரு பசை விட்டதில்லை. ஆனால் அந்த எட்டையும் நான் வாசித்தவனில்லை. பில் வாசிப்பேன், பெயர்ப்பலகை வாசிப்பேன். நாவல் எழுத்து என் கண்ணுக்குப் பொடி. தெரியாத சரக்கை நல்லது என்று சொல்லவா?

"அஸீஸா, அந்த டின்னை எடு. சிங்கப்பூர்க்காரன்ட முடிவை வாசி."

அஸீஸா பதினாறு பக்கத்தையும் சத்தமாக வாசித்தாள். தோணி கவிழ்கிறது, பொலிஸ் வருகிறது, கதவு திறக்கிறது. இறந்துபோனவனின் அதே முகத்தோடு ஒருவன் நிற்கிறான். "நான்தான் அவன்ட தம்பி" என்கிறான். "இப்பதான் சிங்கப்பூரிலிருந்து வந்தேன்."

"பொறு, பொறு," என்றேன். "இவன் இவ்வளவு நேரமும் எங்க இரிந்தான்? முன்னுக்கு ஒருக்காவாவது வந்தானா?"

அஸீஸா தாளை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. றம்ஸியா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் விரித்தபடியே.

சீனிமுகம்மது ஒரு பெண்ணிடம் தோற்றான் என்று சந்தையில் கதைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நான் தோற்கவில்லை. கெட்ட சரக்கைக் கெட்ட சரக்கென்று என் காதாலேயே கேட்டேன், மற்ற ஏழுக்கும் அந்த ஒன்றே சாட்சி, அவ்வளவுதான். அதைக் கேட்டபிறகும் அதற்குக் காசு பிடிக்கிறவன் வியாபாரி இல்லை. அப்படிப் பிடித்து மாடி கட்டியவர்களை எனக்குத் தெரியும். என் சுவரில் அந்தக் கல் ஒன்றும் இல்லை.

மடியை அவிழ்த்தேன்.

"இந்தா, நூறு. இருநூறு. முந்நூறு. நானூறு."

நோட்டுகள் அவள் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"ஐம்பது. இருபது."

கடைசிப் பத்து ரூபாய் நாணயக் குற்றியைத் தேடி எடுத்து, நோட்டுகளின் மேல் வைத்தேன். அப்போதுதான் அவள் கையை மூடினாள்.